பழுது பார்த்தலும் காரணம் காணுதலும்

வீட்டில் ஒரு பொருள் பழுதுபட்டால் அதனைக் கடைக்குக் கொண்டு செல்வோர் உளர். எறிந்துவிட்டுப் புதியது வாங்குவோரும் உளர். தாமே திறந்து பார்ப்போர் சிலரே. அச்சிலர் செய்வதைக் கைவேலை என்று மட்டுமே பலரும் எண்ணுகின்றனர். எண்ணெய்க் கறை படிந்த கைகளையும், தரையில் பரப்பிய கருவிகளையும் காண்போர்க்கு அவ்வாறு தோன்றுதல் இயல்பே. ஆயினும், பழுது பார்த்தலிற் பாதிக்கு மேற்பட்டது அறிவின் வேலையாகும். கண்ணுக்குப் புலப்படும் குறியிலிருந்து புலப்படாத காரணத்தைத் தேடிச் செல்வதே அதன் உயிர்நாடி. இதனை நன்கு விளக்க வல்லது பழைய மோட்டார் சைக்கிள். அவற்றுள்ளும் தமிழகத்தோடு நெருங்கிய தொடர்புடைய ராயல் என்பீல்டு புல்லட் வண்டியை ஈண்டு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

ரெட்டிச்சிலிருந்து திருவொற்றியூர் வரை

புல்லட் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் பிறந்தது. 1932-ஆம் ஆண்டில் அப்பெயர் முதன்முதலாக வழங்கலாயிற்று. 1955-இல் சென்னையைச் சேர்ந்த மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கூட்டுறவோடு என்பீல்டு இந்தியா அமைந்தது. சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த உறுப்புகளைப் பூட்டி வண்டியாக்கினர். நாளடைவில் உறுப்புகளையும் ஆங்கேயே செய்யலாயினர். ரெட்டிச் ஆலை 1967-இல் மூடப்பட்டது. பிறந்த ஊரில் மறைந்த வண்டி திருவொற்றியூரில் வாழ்ந்தது. வார்ப்பிரும்புச் சிலிண்டர் கொண்ட அந்தப் பழைய எஞ்சின், அடிப்படை அமைப்பில் பெரிய மாறுதலின்றி, 2010-ஆம் ஆண்டளவும் நீடித்தது.

இந்த நீடிப்பே வீட்டில் பழுது பார்ப்போர்க்கு வாய்ப்பாயிற்று. தந்தை ஓட்டிய வண்டியின் உறுப்பு மகன் வாங்கிய வண்டிக்கும் பெரும்பாலும் பொருந்தியது. எஞ்சினும் எளியது. 350 வகையில் ஒரே சிலிண்டர். அதன் உள்விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தொலைவு 90 மில்லிமீட்டர். கொள்ளளவு 346 கன சென்டிமீட்டர். கியர்ப்பெட்டி எஞ்சினோடு ஒரே வார்ப்பாக இல்லாமல், பின்புறத்தில் தனியே பூட்டப்பட்டிருக்கும். ஒவ்வோர் உறுப்பும் தனித்தனியே கண்ணுக்குத் தெரியும்; கைக்கு எட்டும். ஆதலின் எஞ்சின் ஒரு திறந்த பாடநூல் போல் விளங்குகிறது.

மூன்று தேவைகள்

பெட்ரோல் எஞ்சின் ஓடுவதற்கு மூன்று வேண்டும். பெட்ரோலும் காற்றும் உரிய அளவிற் கலத்தல் ஒன்று. அக்கலவை சிலிண்டருக்குள் நன்கு அழுத்தப்படுதல் இரண்டு. உரிய கணத்தில் தீப்பொறி எழுதல் மூன்று. எஞ்சின் கிளம்பவில்லையெனில் இம்மூன்றனுள் ஏதேனும் ஒன்று குறைந்திருத்தல் வேண்டும். எது குறைந்தது என்று காண்பதே முதல் வேலை. கண்டதையெல்லாம் கழற்றுவது வேலையன்று.

முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தல் வேண்டும். பலமுறை உதைத்த பின்னும் அதன் முனை உலர்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை என்பது பெறப்படும். டாங்கியின் குழாய், வடிகட்டி, கார்புரேட்டர் என்னும் வரிசையில் தேடினால் அடைப்பு இருக்குமிடம் தெரியும். முனை நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது. தீப்பொறியை ஐயுறுதல் வேண்டும். பிளக்கின் உலோக உடலை எஞ்சினின் உலோகத்தில் தொடவைத்துக் கிக்கரை உதைத்தால் பொறி எழுகிறதா என்பதைக் கண்ணாற் காணலாம். பெட்ரோல் ஆவி பரவிய இடத்தில் இச்சோதனை ஆகாது. திறந்த வெளியில், பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, பிளக் துளையினின்று விலக்கி வைத்தே செய்தல் வேண்டும்.

மூன்றாவது அழுத்தம். உதைக்கும்போது கிக்கர் தடையின்றி இறங்கினால் அழுத்தம் கசிகிறது. கசிவு பிஸ்டன் வளையத்திலா, வால்விலா? இதற்குப் பழைய மெக்கானிக்குகள் கையாண்ட சோதனை மிக அழகியது. பிளக் துளை வழியே ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெயை விட்டு மீண்டும் சோதிப்பர். எண்ணெய் பிஸ்டனைச் சுற்றிப் படர்ந்து வளையத்தின் இடுக்கைச் சற்று நேரம் அடைக்கும். அதனால் அழுத்தம் கூடினால் தேய்ந்தது வளையம். கூடாவிட்டால் குறை வால்விலே. எஞ்சினைத் திறவாமலே அதன் உள்ளிருப்பதை அறியும் முறை இது.

புகை கண்டு அறிதல்

மணிமேகலையில் அளவை இலக்கணம் விரித்துரைக்கப்படுவதைத் தமிழாசிரியர் நன்கறிவர். புகை கண்டு நெருப்புண்மை கருதுதல் ஆங்கு வரும் எடுத்துக்காட்டு. கண்டறிவது காட்சி, கண்டதைக் கொண்டு காணாததை அறிவது கருதல். மெக்கானிக்கும் புகை கண்டு கருதுகிறான். அவன் கருதுவது நெருப்பு உண்டு என்பதையன்று. எரிவது யாது என்பதை. நீலம் பாய்ந்த புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. கரும்புகை வந்தால் கலவையில் பெட்ரோல் மிகுதி. பிளக்கின் முனையும் இவ்வாறே பேசும். வெளிறிய பழுப்பு நலத்தின் குறி. உலர்ந்த கரி பெட்ரோல் மிகுதியின் குறி. ஈரமான எண்ணெய்க் கரி வளையமோ வால்வு வழிகாட்டியோ தேய்ந்ததன் குறி. வெண்மை மிகுதியான வெப்பத்தின் குறி.

குறி வேறு, காரணம் வேறு

இனி, பழுது பார்ப்போர் பலர் தவறும் இடம் ஒன்றுண்டு. பழைய புல்லட்டில் தீப்பொறியை எழுப்புவதற்குப் பாயிண்ட் எனப்படும் இரு தொடுமுனைகள் உள்ளன. அவை திறக்கும் கணத்தில் காயிலில் உயர்ந்த மின்னழுத்தம் தோன்றிப் பிளக்கிற் பொறி எழும். முனைகள் முழுதும் திறந்திருக்கும்போது இடைவெளி ஏறத்தாழ 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும். முனைகள் கருகியிருந்தால் உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியைச் சரிசெய்வர், வண்டியும் கிளம்பும். சில நாட்களில் மீண்டும் நிற்கும். மீண்டும் தேய்ப்பர், மீண்டும் நிற்கும்.

காரணம் யாது? பாயிண்டுக்குத் துணையாகக் கண்டென்சர் என்னும் சிறு உறுப்பு உள்ளது. முனைகள் பிரியும்போது அவற்றிடையே மின்சாரம் பொறியாகத் தாவாமல் தடுப்பது அதன் தொழில். அது கெட்டால் முனைகள் கருகும். பிளக்கிற் பொறியும் மெலியும். கருகல் குறி, கண்டென்சரின் கேடே முதல். குறியை மட்டும் நீக்கினால் நோய் திரும்ப வரும். நோயை அறிந்து, அதன் முதலை ஆராய்ந்து, அதைத் தணிக்கும் வழியையும் தேர்ந்து, பொருந்தும்படி செய்க என வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் வகுத்த முறை, மருத்துவர்க்கேயன்றி மெக்கானிக்குக்கும் உரியதாகும்.

வகுப்பறைக்கும் இது பொருந்தும். மாணவன் லகர, ளகர, ழகரங்களை மாற்றி எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் திருத்துகிறார். அது முனையைத் தேய்ப்பது போன்றது. அவன் காதில் அவ்வொலிகள் வேறுபட்டு விழவேயில்லை என்பது காரணமாயின், திருத்தம் எத்தனை முறை செய்தும் பிழை மீளும்.

வீட்டுப் பொருள்கள்

மற்றப் பொருள்களிலும் இம்முறையே செல்லும். தையல் இயந்திரத்தில் துணியின் அடிப்புறம் நூல் சுருண்டு திரண்டால், அடியில் உள்ள பாபினைக் குறைகூறுவர். பெரும்பாலும் குற்றம் மேல்நூலைக் கோத்த முறையிலோ அதன் இறுக்கத்திலோ இருக்கும். குறி கீழே, காரணம் மேலே. கூரை மின்விசிறி தானாகச் சுழலாமல், கையால் தள்ளியபின் சுழன்றால், மோட்டாரை மாற்ற விரைதல் வேண்டா; கெப்பாசிட்டர் கெட்டிருத்தல் பெரும்பான்மை. ஆனால் மின்பொருளைத் திறக்குமுன் மின்தொடர்பை முற்றும் துண்டித்தல் வேண்டும். கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருத்தலும் கூடும். அறியாதவர் இதில் கைவையாமை நன்று.

கடைப்பிடிக்க வேண்டிய நெறிகள் சிலவே. செலவும் உழைப்பும் குறைந்த சோதனையை முதலிற் செய்க. ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுக; இரண்டை மாற்றிய பின் வண்டி கிளம்பினால் எது காரணம் என்பது தெரியாமற் போகும். கழற்றியவற்றைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு தாளின்மீது வைக்க. போல்ட்டை முதலில் விரலாலேயே சுற்றுக; கோணலாக ஏறிய மரையை ஸ்பேனரால் இறுக்கினால் அலுமினியம் பாழாகும். அளக்கக் கூடியதை ஊகியாது அளக்க.

மாறும் காலம்

இக்கால வண்டிகளில் பாயிண்ட் இல்லை. மின்னணுக் கருவி பொறியை எழுப்புகிறது. கார்புரேட்டர் இருந்த இடத்தில் பெட்ரோலை அளந்து தெளிக்கும் அமைப்பு வந்துள்ளது. இவற்றால் புகை குறைந்தது. அடிக்கடி சரிசெய்யும் தொல்லையும் ஒழிந்தது. இந்நன்மைகளை மறுத்தல் தகாது. எனினும் பழுது நேர்ந்தால் சோதிக்கத் தனிக் கருவி வேண்டும். பல உறுப்புகள் திறக்க இயலாதவாறு மூடப்பட்டுள்ளன. திறக்க முடியாத பொருளில் காரணம் தேடும் பழக்கம் வளராது. மாற்றும் பழக்கமே வளரும்.

இதனை உணர்ந்தோர் உலகில் இல்லாமலில்லை. 2009-இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் முதல் பழுதுபார்க்கும் கூடம் தொடங்கியது. சிங்கப்பூரில் 2014-இல் ‘ரிப்பேர் கோப்பித்தியாம்’ தோன்றியது. பழுதான விசிறியையும் சோற்றுப் பானையையும் மக்கள் கொண்டுவர, தொண்டர்கள் உடனிருந்து கற்பிக்க, உடையவரே பழுது நீக்கக் கற்கும் ஏற்பாடு அது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் பழுது பார்க்கும் உரிமை குறித்து ஆணையொன்று இயற்றியது.

மிச்சப்படும் பணம் சிறிதாகவே இருக்கலாம். ஆனால், ஒரு பழைய வண்டியைத் திறந்து, குறியைக் கண்டு, காரணத்தைத் தேறி, சோதித்துச் சரிகண்ட இளைஞன், தன் எண்ணம் பிழையாயின் எஞ்சின் கிளம்பாது என்பதையும் உடன் கற்கிறான். எஞ்சின் சொல்வன்மைக்கு இணங்குவதில்லை, உண்மைக்கே இணங்கும். அப்பயிற்சி பெற்றவன் பிற துறைகளிலும் குறியைக் காரணமென்று கொள்ளத் தயங்குவான். அத்தயக்கமே அறிவின் தொடக்கம்.