பிறருக்காகப் பேசும் நா

மாணவர்களே! திருட்டுக் குற்றம் சாட்டப்பெற்ற ஒருவனுக்காக ஒரு வழக்கறிஞர் நீதிமன்றத்தில் எழுந்து நின்று வாதிடும்போது, 'கள்வனுக்கும் பரிந்து பேச ஓர் ஆளா?' என்ற எண்ணம் நம்மிற் பலருக்கு எழுவதுண்டு. அவ்வழக்கறிஞரையே காவலர் பிடித்துச் சிறையில் அடைத்துவிட்டால், 'அது அவர் பாடு, நமக்கென்ன?' என்று வாளா இருந்துவிடுகிறோம். இவ்விரண்டு எண்ணங்களும் பிழையானவை. ஏன் பிழை என்பதை விளக்குவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

சிலப்பதிகாரக் கதையை நீங்கள் அறிவீர்கள். அரசியின் சிலம்பைக் களவாடிய பொற்கொல்லன், அப்பழியைக் கோவலன்மேற் சுமத்தினான். பாண்டிய மன்னன் அவன் சொல்லை மட்டுமே கேட்டான், கோவலன் வெட்டுண்டான். இரு சிலம்புகளின் உள்ளே இருக்கும் பரல்கள் யாவை என்ற ஒரே ஒரு வினாவை எவரேனும் முன்னரே எழுப்பியிருந்தால் உண்மை வெளிப்பட்டிருக்கும். அவ்வினாவை எழுப்பக் கண்ணகி வந்தாள்; ஆனால், கொலை முடிந்த பின்னரே வந்தாள். அத்தகைய வினாவைக் காலம் தாழ்த்தாமல் எழுப்புவதே வழக்கறிஞர் தொழில்.

சிறைக்குள் இருப்பவன் தன் வழக்குக்கு வேண்டிய சான்றுகளைத் தானே தேடிச் செல்ல முடியாது. சட்ட நூல்களையும் புரட்ட முடியாது. அவன் வக்காலத்தில் கையெழுத்திட்டுக் கொடுக்கிறான். அதனைப் பெற்ற வழக்கறிஞர் பிணைக்கு மனுச் செய்கிறார். எதிர்த்தரப்புச் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்கிறார். ஒருவனைச் சட்டத்துக்கு மாறாக அடைத்து வைத்திருந்தால், அவனை நீதிபதியின்முன் கொணர்ந்து நிறுத்துமாறு ஆட்கொணர்வு மனுத் தாக்கல் செய்கிறார். இம்மனுவைப் போடவேண்டியவரே சிறைக்குள் சென்றுவிட்டால், முன்னர் அடைபட்டவனுக்கு வெளி உலகத்தோடு இருந்த ஒரே இழையும் அறுந்து போகிறது. ஒரு வழக்கறிஞரை அடைத்தால் அவரை நம்பியிருந்த கட்சிக்காரர் அனைவரும் வாயிழந்தவர் ஆகின்றனர்.

இதற்கு வரலாறு சான்று பகரும். பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1792ஆம் ஆண்டு டிசம்பரில், அரியணை இழந்த மன்னன் பதினாறாம் லூயி விசாரணைக்கு நிறுத்தப்பட்டான். அவனுக்காகப் பேசுவது உயிருக்கு இறுதி தேடுவதாகும் என்பதை எல்லோரும் அறிவர். முன்னாள் அமைச்சரும் சட்ட அறிஞருமான மால்ஸெர்ப், தம் எழுபத்தோராம் வயதில், அப்பணியைத் தாமே வலிய ஏற்றார். மன்னன் கொல்லப்பட்டான். ஓராண்டுக்குள் மால்ஸெர்ப் சிறைப்பட்டார். 1794 ஏப்ரல் 22ஆம் நாள், மகளோடும் பேத்தியோடும் வெட்டுமேடை ஏறினார்.

கதை அதனோடு முடியவில்லை. அவ்வாண்டு ஜூன் 10ஆம் நாள் பிறந்த ஒரு சட்டம், புரட்சி நீதிமன்றத்தில் நிற்போருக்கு வழக்கறிஞர் துணையே இல்லை என்று ஆக்கிற்று. அச்சட்டத்துக்குப் பின்பலமாக நின்றவர் ரோபஸ்பியர். அவரும் ஒரு வழக்கறிஞரே என்பது வியப்பு. ஏழு வாரங்களுக்குள் அவர் ஆட்சி கவிழ்ந்தது. ஜூலை 28ஆம் நாள், விசாரணை ஏதுமின்றி, தமக்காகப் பேச ஒருவருமின்றி, அவரும் அதே வெட்டுமேடையில் மாண்டார்.

இது பழங்கதை என்று எண்ணிவிட வேண்டா. சீன நாட்டில் 2015 ஜூலை 9ஆம் நாள் தொடங்கி, முந்நூறுக்கு மேற்பட்ட வழக்கறிஞர்களும் அவர்களைச் சார்ந்தோரும் பிடிக்கப்பட்டனர் அல்லது விசாரணைக்கு உட்பட்டனர். அவர்களுள் ஒருவர் வாங் குவான்ஜாங். தடை செய்யப்பட்ட சமயக் குழுவினருக்காகவும் நிலம் இழந்த உழவர்களுக்காகவும் வாதிட்டவர் அவர். அரசைக் கவிழ்க்க முயன்றார் என்பது அரசு அவர்மேற் சாட்டிய குற்றம். ஏறத்தாழ மூன்றாண்டுகள் அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதையே குடும்பத்தார் அறியக்கூடவில்லை. அவருக்காக வாதிட முன்வந்த யூ வென்ஷெங் என்ற வழக்கறிஞரும் 2018 ஜனவரியில் பிடிக்கப்பட்டு, பின்னர் நான்காண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். வழக்கறிஞருக்கு ஒரு வழக்கறிஞர், அவரும் உள்ளே! இச்சங்கிலியின் அடுத்த கண்ணியாக வர எவர் துணிவார்?

நிற்க. 'வழக்கறிஞர் என்றால் சட்டத்துக்கு மேற்பட்டவரா?' என்று நீங்கள் வினவலாம், வினவத்தான் வேண்டும். அல்லர் என்பதே விடை. வழக்கறிஞர் ஒருவர் பொய்ச்சாட்சியம் புனைந்தாலும், கட்சிக்காரரோடு சேர்ந்து குற்றம் இழைத்தாலும் ஏனையோரைப் போலவே தண்டனைக்கு உரியவர் ஆவார். நாம் வேண்டுவது, தொழிலைச் செய்தமைக்காகவே ஒருவர் சிறைப்படலாகாது என்பதே. கொலைகாரனின் காயத்துக்குக் கட்டுப்போடும் மருத்துவரை நாம் கொலைக்கு உடந்தை என்பதில்லை. கட்சிக்காரரின் கொள்கையை வழக்கறிஞரின் கொள்கையாகக் கொள்வதும் அத்தகைய மயக்கமே.

இக்கருத்தை உலக நாடுகள் எழுத்தில் வடித்துள்ளன. 1990ஆம் ஆண்டு ஹவானா நகரில் நடந்த ஐக்கிய நாடுகள் சபையின் குற்றத் தடுப்பு மாநாடு, வழக்கறிஞர் பணி பற்றிய அடிப்படை நெறிகளை ஏற்றது. அச்சுறுத்தலும் இடையூறுமின்றி வழக்கறிஞர் பணிபுரிய அரசுகள் வகைசெய்ய வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. கட்சிக்காரரோடு அவரை ஒன்றாக்கி நோக்கலாகாது என்பது மற்றொன்று. ஆயினும் அவை அறிவுரை போன்றவை. மீறிய நாட்டைக் கட்டுப்படுத்தும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. இக்குறையை நீக்கும் பொருட்டு ஐரோப்பிய மன்றம் ஓர் உடன்படிக்கையை உருவாக்கி, 2025 மே 13ஆம் நாள் நாடுகளின் கையொப்பத்துக்கு முன்வைத்தது. வழக்கறிஞர் தொழிலைக் காப்பதற்கென்றே எழுந்த, ஏற்ற நாடுகளைக் கட்டுப்படுத்தக்கூடிய முதல் பன்னாட்டு உடன்படிக்கை அதுவே.

நம் நாட்டு நிலையையும் காண்போம். கைது செய்யப்பட்டவருக்குக் காரணம் சொல்லவேண்டும், அவர் தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்து வாதாடும் உரிமை பெறவேண்டும் என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்பு கூறுகிறது. ஆனால், தடுப்புக் காவலில் வைக்கப்படுவோருக்கு இவ்வுரிமைகள் பொருந்தா என்று அவ்வுறுப்பே விலக்கும் அளிக்கிறது. இவ்விலக்கினை மாணவர்கள் மறவாது மனத்திற் கொள்ளவேண்டும்.

'தன்னிச்சையான காவல்' என்றால் என்ன? 1994 ஜனவரியில் காசியாபாத் நகரக் காவல் துறையினர் ஓர் இளம் வழக்கறிஞரை விசாரணைக்கென அழைத்தனர். அவர் வீடு திரும்பவில்லை. உச்ச நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு வந்தபோது, 'அவரைத் தடுத்து வைக்கவில்லை. சில வழக்குகளைத் துப்பறிய ஐந்து நாள் அவர் உதவியைப் பெற்றோம்' என்று காவல் துறை விடையிறுத்தது. கைது செய்யும் அதிகாரம் இருப்பது வேறு, அதனைப் பயன்படுத்தத் தக்க காரணம் இருப்பது வேறு என்று நீதிமன்றம் தெளிவாக வரையறுத்தது. சட்டத்தில் இடம் இருந்தும், தேவையும் தக்க காரணமும் இன்றி ஒருவரை அடைப்பதும் தன்னிச்சையே என்பது இதனால் விளங்கும்.

அண்மையில், 2025 ஜூனில், ஒரு சட்டக் கருத்துரை தொடர்பாக மூத்த வழக்கறிஞர் இருவரை அமலாக்கத்துறை விசாரணைக்கு அழைத்தது. வழக்கறிஞர் சங்கங்கள் கண்டித்த பின்னர் அவ்வழைப்பு திரும்பப் பெறப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 31ஆம் நாள் உச்ச நீதிமன்றம், கட்சிக்காரரின் வழக்கு விவரங்களை அறிவதற்காக வழக்கறிஞரை விசாரணை அதிகாரிகள் அழைக்கலாகாது என்று தீர்ப்பளித்தது. சட்டம் குறித்த விலக்குகளுக்குள் அடங்கினால் மட்டும், மேலதிகாரியின் எழுத்து மூலமான இசைவோடு அழைக்கலாம். கட்சிக்காரர் தம் வழக்கறிஞரிடம் மனந்திறந்து சொன்னவை வெளிப்படலாகாது என்பதே இதன் அடிப்படை. அக்காப்பு இல்லையேல், எவர்தாம் தம் வழக்கறிஞரிடம் முழு உண்மையை உரைப்பர்?

மாணவர்களே! உங்களுட் சிலர் நாளை கறுப்பு அங்கி அணியலாம். சிலர் காவல் அதிகாரிகளாகலாம். பலர் செய்தித்தாள் படிக்கும் குடிமக்களாக இருப்பீர்கள். யாராயினும், ஒரு வழக்கறிஞர் கைதானார் என்ற செய்தியைக் காணும்போது, அவர் யாருக்காக வாதிட்டார் என்பதைக் கொண்டு அவரை எடை போடாதீர்கள். அவர்மேற் சாட்டப்பட்ட செயல் யாது, அது குற்றமா அல்லது அவர்தம் தொழிற் கடமையா, அவரை நீதிபதியின்முன் கொண்டு நிறுத்தினார்களா என்று கேளுங்கள். நம்மீது பழி சுமத்தப்படும் நாள் ஒன்று வருமாயின், நம் பொருட்டு எழுந்து நிற்க அஞ்சாத ஒருவர் அன்று வெளியே இருக்கவேண்டும்.