வெள்ளைச் சோகியும் நஞ்சு முருகையும்

இரைகௌவி என்றால் அழிக்கும் பிராணி என்றே எமது பிள்ளைகள் பரீட்சைத் தாளில் எழுதுகிறார்கள். வகுப்பில் இதைத் திருத்த நான் சொல்லும் உதாரணம் முட்டைச் சோகி.

இந்து, பசுபிக் சமுத்திரங்களின் முருகைக்கற்பாறைகளில் வாழும் நத்தை இது. விஞ்ஞானப் பெயர் ஓவுலா ஓவம். சுமார் 10 சென்ரிமீற்றர் வரை வளரும். ஓடு கோழிமுட்டை போல வெண்மையானது. ஆனால் உயிருடன் இருக்கும்போது, புள்ளிகள் நிறைந்த கரிய தோல்மடிப்பு அதை மூடியிருக்கும். ஓட்டின் மினுக்கத்தைக் காப்பதும் அந்த மடிப்புத்தான்.

இதன் உணவு மென் முருகைகள். அவற்றுக்குக் கல் போன்ற கூடு இல்லை. சதைக்குள் நுண்ணிய சுண்ண முட்களும் நச்சு இரசாயனங்களும் உள்ளன. எனவே பல மீன்கள் அவற்றைத் தொடுவதில்லை. சோகியோ அரம் போன்ற நாவால் சுரண்டித் தின்கிறது. சார்கோபைட்டன் என்ற மென் முருகையின் நஞ்சை, வீரியம் குறைந்த வேறொரு சேர்வையாக அது தன் உடலுக்குள் மாற்றுவதை 1983 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது.

பாறையில் இடத்துக்குக் கடும் போட்டி உண்டு. சில மென் முருகைகள் தமது நஞ்சால் அயலிலுள்ள வன் முருகைகளையும் பாதிக்கின்றன. சோகி தின்னும் இடத்தில் அந்த நெருக்கம் சற்றுத் தளர்கிறது. ஆகவே தின்பதெல்லாம் அழிப்பதல்ல.

உண்மையான ஆபத்து எம்மிடமிருந்தே வருகிறது. கரையொதுங்கிய ஓடு அலையில் தேய்ந்து, வெயிலில் மங்கிவிடும். அலங்காரக் கடையில் கண்ணாடியாய் மினுங்கும் சோகி, பெரும்பாலும் உயிருடன் பிடித்துக் கொல்லப்பட்டது. பிள்ளை அதைக் கேட்டால், வாங்கிக் கொடுப்பதற்குப் பதிலாக இந்தக் கதையைச் சொல்லுங்கள். வாங்குவோர் குறைந்தால் பிடிப்போரும் குறைவர்.