உழைக்கும் உடலுக்கும் தேய்மானம் உண்டு

இயந்திரத்துக்குத் தேய்மானம் உண்டு. அதற்கென ஆண்டுதோறும் ஒரு தொகையை ஒதுக்க வேண்டும் என்பது பொருளியல் வகுப்பில் நான் நடத்திய பாடம். உழைக்கும் உடலும் தேய்கிறது. ஆனால், அதற்கு எந்தக் கணக்கேட்டிலும் இடமில்லை.

தூத்துக்குடியில் வாழ்வோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உப்பளத்தில் குனிந்து உப்பு வாருவோரும், துறைமுகச் சாலையில் கண்டெய்னர் லாரி ஓட்டுவோரும், அலுவலகத்தில் கணினி முன் அமர்ந்திருப்போரும் ஒன்றுபோலச் சொல்லும் குறை, இடுப்புவலி. உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி, 2020-இல் இவ்வலியுடன் வாழ்ந்தோர் உலகெங்கும் 61.9 கோடி பேர்.

இதற்குத் துணைபுரியும் பயிற்சிகளுள் ஒன்று பிலாட்டிஸ். பெருநகரங்களில் வசதி படைத்தோரின் பயிற்சியாக இன்று அறியப்படும் இது, வசதி ஏதுமற்ற ஓரிடத்தில் வளர்ந்தது. 1883-இல் ஜெர்மனியில் பிறந்த ஜோசப் பிலாட்டிஸ், சிறுவயதில் நோய்களால் நலிந்தவர். முதல் உலகப் போர் மூண்டபோது இங்கிலாந்தில் இருந்த அவரை, எதிரி நாட்டவர் என்று மேன் தீவு முகாமில் அடைத்தனர். அங்கே உடனிருந்தோருக்குப் பயிற்சி அளித்தபடியே அவர் தம் முறையைச் செம்மைப்படுத்தினார். 1926-இல் நியூயார்க் சென்று, கிளாராவுடன் பயிற்சிக்கூடம் நடத்தினார். நடனக் கலைஞர்கள் அவரை நாடி வந்தனர். தம் முறைக்கு அவர் இட்ட பெயர் 'கன்ட்ராலஜி', அதாவது கட்டுப்பாட்டுக் கலை. 1945-இல் வெளியான அவரது நூலில் உள்ள 34 பயிற்சிகளுக்குத் தேவைப்படுவது ஒரு விரிப்பு மட்டுமே.

வயிற்றின் ஆழ்தசைகளும், இடுப்புத்தளத் தசைகளும், முதுகெலும்பை ஒட்டிய சிறுதசைகளும் சேர்ந்து இடுப்புக்குக் கச்சைபோல் அமைகின்றன. இக்கச்சையை வலுப்படுத்துவதே பிலாட்டிஸின் மையக் கருத்து. எண்ணிக்கையைவிடத் துல்லியமே இங்கு முக்கியம். ஒவ்வோர் அசைவும் மூச்சோடு இணைய வேண்டும். மனமும் அதிலேயே நிலைக்க வேண்டும்.

மூச்சின் அருமை முத்துக்குளித்துறைக்குப் புதிதன்று. கல்லின் எடையால் கடலடிக்கு இறங்கி, ஏறத்தாழ ஒரு நிமிடம் மூச்சடக்கிச் சிப்பி சேகரித்தவர்களின் கரை இது. 1961-க்குப் பின் இங்கு முத்துக்குளிப்பு நடைபெறவில்லை, சங்குகுளிப்பு தொடர்கிறது. குளிப்பவர் மூச்சை அடக்குகிறார். பிலாட்டிஸில் மூச்சு தடையின்றி ஓட வேண்டும். எனினும், பதற்றமற்ற மனமே மூச்சை ஆளும் என்பது இரண்டுக்கும் பொது.

பலன்களை மிகைப்படுத்தத் தேவையில்லை. 2015-இல் வெளியான காக்ரேன் மறுஆய்வு, இடுப்புவலிக்குப் பெரிதாக ஏதும் செய்யாதிருப்பதைவிடப் பிலாட்டிஸ் வலியைக் குறைக்கிறது என்றது. பிற உடற்பயிற்சிகளைவிட மேலானது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றும் கூறியது. ஆகவே, யோகமோ நடையோ பழகியவர்கள் அதைக் கைவிட வேண்டியதில்லை. கடும் வலி, எலும்புத் தேய்வு உள்ளோரும் கருவுற்றோரும் மருத்துவரைக் கேட்ட பின்பே தொடங்க வேண்டும்.

பொருளியல் நோக்கில் என்னைக் கவர்ந்த செய்தி ஒன்றுண்டு. பிலாட்டிஸ் என்ற பெயருக்குத் தனியுரிமை கோரிய வழக்கில், அது யோகம், கராத்தே போன்ற பொதுப்பெயரே என்று 2000-இல் நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெயர் பொதுச் சொத்தானது. பயிற்சியோ இன்னும் கட்டணம் செலுத்த இயன்றவர்களிடமே நிற்கிறது.

இந்நிலை மாறப் பெருமுதலீடு வேண்டாம். தொழிலாளர் மருத்துவமனைகளிலும் உப்பள ஓய்வுக்கூடங்களிலும் இயன்முறை மருத்துவர் ஒருவர் வாரம் இருமுறை அடிப்படைப் பயிற்சிகளைக் கற்பித்தால் போதும். பாரந்தூக்கிக்கு எண்ணெயிட நிதி ஒதுக்கும் நிர்வாகங்கள், தொழிலாளியின் முதுகெலும்புக்கும் சிறிது ஒதுக்கட்டும். இயந்திரம் பழுதானால் வேறொன்று வாங்கலாம். முதுகெலும்புக்கு மாற்று இல்லை.