பண்பின் அமைப்பும் வளர்ச்சியும்

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த சீனன்குடா விமானத்தளத்தை 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் தாக்கின. இத்தகைய வேளையில் ஒலிக்கும் அபாயச் சங்கு எல்லோர் செவிக்கும் ஒன்றே. எனினும், அதனைக் கேட்ட ஒருவன் தன் கடமையிடத்தை நோக்கி ஓடுவான். ஒருவன் செயலற்று நிற்பான். மற்றொருவன் அயலானைக் கைப்பற்றிப் பதுங்குகுழியிற் சேர்ப்பான். நிகழ்ச்சி ஒன்றாக, நடத்தை பலவாதற்குக் காரணம் யாது? உளநூலார் இவ்வேறுபாட்டைப் பண்புக்கூறு என்னும் கருத்தினால் விளக்குவர்.

பண்புக்கூறென்பது, பல்வேறு சூழ்நிலைகளிலும் ஏறத்தாழ ஒரு தன்மையாக எண்ணவும் உணரவும் ஒழுகவும் ஒருவனிடத்து நிலைத்துள்ள சார்பாகும். ஒருநாட் சினம் மனநிலை மட்டுமே. சிறு தூண்டலுக்கும் சினந்தெழும் இயல்பு ஆண்டு பலவாக நிலைக்குமாயின் அது பண்பெனப்படும்.

பண்புகளை வகுத்துக் காணும் முயற்சி நம்மவர்க்குப் புதிதன்று. பகவத்கீதையின் பதினான்காம் அத்தியாயம் சாத்துவிகம், இராசதம், தாமதம் என்னும் முக்குணங்களைக் கூறி, அவற்றுள் ஒன்று ஏனையவற்றை அடக்கி மேலெழும் என்று விளக்குகின்றது. மேனாட்டார் இத்துறையில் அளவையைப் புகுத்தினர். 1936இல் ஓல்போட், ஒட்பேட் என்னும் இருவர் ஆங்கில அகராதியினின்று மனிதரை வேறுபடுத்தும் சொற்கள் ஏறத்தாழ 18,000 திரட்டினர். அவற்றுள் நிலையான பண்பைக் குறிப்பன 4,500 அளவின. இப்பெருந்தொகையைச் சுருக்கும் பணியில் விமானப்படை ஒன்றற்கும் பங்குண்டு. அமெரிக்க விமானப்படையின் ஆய்வாளரான ரியூப்ஸ், கிறிஸ்ரல் ஆகியோர், எட்டுக் குழுவினரைப் பற்றிய பண்பு மதிப்பீட்டுத் தரவுகளை ஆராய்ந்து, ஐந்து அடிப்படைக் கூறுகள் மீண்டும் மீண்டும் தோன்றுதலை 1961இல் வெளியிட்டனர். பிற்கால வழக்கில் அவை புறநோக்கு, இணக்கம், கடமையுணர்வு, உணர்ச்சி நிலைப்பாடு, புதுமை நாட்டம் எனப்படும். இவை மாந்தரை ஐந்து சாதியாகப் பிரிப்பன அல்ல. ஒவ்வொருவர்க்கும் ஐந்து அளவுகோல்களிலும் ஓரிடம் உண்டு, பெரும்பாலோர் இடைநிலையினர்.

இனி, பண்பு தொழிற்படுமாற்றை நோக்குவோம். ஹாட்சோண், மே என்போர் அமெரிக்கச் சிறுவர் பல்லாயிரவரைச் சோதித்து 1928இல் ஓர் உண்மையை உணர்த்தினர்: பரீட்சையிற் களவு செய்த பிள்ளை விளையாட்டிலும் வஞ்சிக்கும் என உறுதியாகக் கூறல் இயலாது. இதுகொண்டு, பண்பென ஒன்று இல்லையெனச் சிலர் வாதித்தனர். ஆயின், 1979இல் எப்ஸ்ரீன் என்பார், ஒரு செயலை விடுத்துப் பல நாட் செயல்களின் சராசரியை நோக்கின் நடத்தை பெரிதும் நிலையாகத் தோன்றுமெனக் காட்டினார். மார்கழியில் ஒருநாள் வெயில் எறித்ததெனத் திருகோணமலைக்கு மாரி இல்லையென்பார் உண்டோ? பண்பும் பருவம் போன்றது. ஒருநாள் கொண்டு அதனை அறிதல் அரிது.

பண்பு பிறவியில் அமைவதா, பின்னர் வளர்வதா? இரட்டையர் பற்றிய ஆய்வுகளின்படி, மாந்தர்க்கிடையேயுள்ள பண்பு வேறுபாட்டில் ஏறத்தாழ நாற்பது முதல் ஐம்பது வீதம் மரபுவழிப்பட்டது; எஞ்சியது வாழ்வின் வழிப்பட்டது. றொபேட்ஸ், டெல்வெக்கியோ என்போர் 2000ஆம் ஆண்டில் நெடுங்கால ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்தனர். பண்பின் நிலைபேற்றைக் காட்டும் இணைபெண் குழவிப் பருவத்தில் 0.31 ஆகவும், கல்லூரிப் பருவத்தில் 0.54 ஆகவும், ஐம்பது வயதின் பின் 0.74 ஆகவும் உயர்தலை அவர்கள் கண்டனர். வயது ஏற ஏறப் பண்பு உறுதிப்படுகின்றது, முற்றாக இறுகுவதில்லை. இருபது முதல் நாற்பது வயதுவரை கடமையுணர்வும் உணர்ச்சி நிலைப்பாடும் பொதுவாக ஓங்குகின்றன. தொழிலும் இல்லறமும் தரும் பொறுப்புக்கள் இதற்கு ஏதுவென்பர் ஆய்வாளர் பலர்.

பயிற்சி எப்பண்பையும் நன்முகமாகவே வளர்க்கும் என்பதும் பொருந்தாது. ஜேர்மனிய இளைஞரைப் பற்றி 2012இல் வெளிவந்த ஆய்வொன்று, இராணுவப் பயிற்சி பெற்றோரிடத்து ஒப்பிட்ட பிறரினும் இணக்கம் குறைந்திருந்தமையையும், அவ்வேறுபாடு ஐந்தாண்டின் பின்னும் நீடித்தமையையும் கூறுகின்றது. இயல்பு தொழிலைத் தெரிகின்றது. தொழில் மீண்டும் இயல்பைத் திருத்துகின்றது.

இன்று சீனன்குடாவில் இலங்கை விமானப்படையின் பயிற்சிக் கழகம் இயங்குகின்றது. அங்காயினும் பிறாண்டாயினும், இளைஞரைத் தெரிவோர், அவர்தம் பண்பு இன்னும் பாதியளவே உறுதிப்பட்ட பருவத்திலேயே தீர்ப்புக் கூறவேண்டியவராகின்றனர். வினைக்கு உரியோரை ஆராய்ந்து தேறுதற்கென வள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ என ஓர் அதிகாரமே வகுத்து, குணத்தையும் குற்றத்தையும் ஒருங்கு நிறுத்துப் பார்க்கப் பணித்தார். ஒரு பிழை கண்டு ஒருவனைத் தள்ளுதலும், ஒரு வெற்றி கண்டு கொள்ளுதலும் அந்நெறிக்கு ஏலா. ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் இஃது ஒக்கும். மாணவனின் பல நாள் ஒழுக்கத்தைப் பொறுத்திருந்து நோக்குதலும், அவன் இன்னும் வளர்வான் என்பதை மறவாதிருத்தலும் அவர்தம் கடனாகும்.