டயரில் என்ன எழுதியிருக்கிறது?

எனக்கு வீடு மாவனல்லையில், பாடசாலை கண்டியில். இடையில் கடுகண்ணாவ ஏற்றம். காலையில் ஏறி மாலையில் இறங்க வேண்டும். பஸ்ஸில் நின்றுகொண்டே பல வருடம் போய்வந்த பிறகு, 2023 தொடக்கத்தில் ஒரு பழைய வேகன் ஆர் கார் வாங்கினோம். 2020 மார்ச்சிலிருந்து வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்ததால் பழைய கார்களுக்கே தீ விலை. எங்களுக்கு விற்றவர் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். வாரத்தில் ஒருநாள் சந்தைக்குப் போக மட்டுமே அதை எடுத்திருந்தார். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் குனிந்து டயரைத் தடவிப் பார்த்து, "டயரெல்லாம் புதுசு மாதிரி இருக்கு. இன்னும் நாலு வருஷத்துக்குக் கவலையில்ல" என்றார்கள். நானும் கவலைப்படவில்லை.

அந்த ஒக்டோபரில் ஒருநாள் அம்மாவைக் கண்டி வைத்தியசாலையில் கண்ணுக்குக் காட்டிவிட்டு இறங்கிவந்துகொண்டிருந்தேன். பின்னால் மகள். சில நாள் வெயிலுக்குப் பிறகு அப்போதுதான் மழை தூறத் தொடங்கியிருந்தது. (பெருமழையைவிட இந்த முதல் தூறல்தான் மோசம். பாதையில் கிடந்த எண்ணெயும் தூசியும் தண்ணீரோடு சேர்ந்து வழுக்கும்.) வளைவொன்றில் முன்னால் போன பஸ் நின்றது. பிரேக்கை மிதித்தேன். மிதி காலுக்கடியில் படபடவென்று துடித்தது. கார் நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டே போனது. பஸ்ஸில் மோதாமல் இடப்பக்கம் திருப்பியதில் கானின் கட்டில் உரசி நின்றோம். பம்பரில் ஒரு கீறல் மட்டும்தான். அம்மா ஒன்றும் பேசவில்லை. வீடு வரும்வரை மகளின் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

பிரேக்கில்தான் பிழை என்று நினைத்துக் கராஜுக்குக் கொண்டுபோனேன். பிரேக்கில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். பக்கத்தில் டயர் ஒட்டும் ஒரு வயதான பாஸ் இருந்தார். அவர் காரைச் சுற்றி வந்து, சில்லருகே குந்தி, விரலால் டயரின் பக்கத்தைத் துடைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சர், இத வாசிங்க."

ஆங்கிலத்தில் 'ஸ்டட்லெஸ்' என்று எழுதியிருந்தது.

"இது பனி விழுற நாட்டுக்குச் செஞ்ச டயர். ஜப்பான்லருந்து காரோடயே வந்திருக்கு. யாரும் மாத்தல்ல."

பத்து மாதமாகத் தினமும் அந்தக் காரின் கதவைத் திறந்து மூடியிருக்கிறேன். அதில் எழுத்து இருப்பதே என் கண்ணில் படவில்லை. வாசிக்கக் கற்றுக்கொடுப்பது என் தொழில்!

பாஸ் சொன்னதையும் பிறகு நான் தேடி அறிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். பனிக்கால டயரின் இறப்பர் மிக மென்மையானது. ஏறக்குறைய 7 பாகை செல்சியசுக்குக் கீழே சாதாரண டயர் இறுகத் தொடங்கும்போது இது இறுகாமல் பாதையைப் பிடிக்கும். அதன் கட்டங்களில் கத்தியால் கீறியதுபோல் நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள் இருக்கும். அவை பனியைக் கவ்வுவதற்காக. நமது வெப்பத்தில் அந்த இறப்பர் அளவுக்கு மீறி இளகி, அந்தக் கட்டங்கள் நெளிகின்றன. ஈரப் பாதையில் பிரேக் பிடித்தால் கார் நிற்க அதிக தூரம் எடுக்கும். தேய்வும் வேகமாக நடக்கும். நுவரெலியாவில் தை மாதக் காலையில் புல்லில் உறைபனி படிவதுண்டு. அதற்காக யாரும் பனி டயர் பூட்டுவதில்லை.

அடுத்தது வயது. டி.ஓ.டி என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரியின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் ஆண்டு. என் டயரில் 4116 என்று இருந்தது. அதாவது 2016ஆம் ஆண்டின் 41ஆம் வாரம். இரண்டு டயர்களில் இந்த இலக்கம் வெளிப்பக்கம் இல்லை. பாஸ் ஜக் வைத்துத் தூக்கி, உட்பக்கத்தை டோர்ச் அடித்துப் பார்த்தார். டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இதைப் பொறித்தால் போதும் என்பதால் அப்படி நேருமாம். ஓடாமல் நிற்கும் காரிலும் டயருக்கு வயது போகிறது. இறப்பர் காய்ந்து வெடிப்பு விடுகிறது. ஐந்து ஆண்டு கடந்தால் வருடந்தோறும் தெரிந்தவரிடம் காட்டும்படியும், பத்து ஆண்டுக்கு மேல் எந்த நிலையில் இருந்தாலும் கழற்றிவிடும்படியும் உற்பத்தியாளர்கள் பலர் சொல்கிறார்கள்.

இரவு கட்டாரிலிருந்து கணவர் பேசினார். "டயர் தேயவே இல்லையே" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. பிறகு, "தனியாப் போகாத, ஏமாத்திருவாங்க. தம்பியக் கூட்டிட்டுப் போ" என்றார்.

தம்பியைக் கூட்டிக்கொண்டு போனேன். கடையில் நான் கேட்ட கேள்விக்கெல்லாம் விற்பனையாளர் தம்பியைப் பார்த்தே பதில் சொன்னார். தம்பிக்குச் சாரதி அனுமதிப்பத்திரமே இல்லை. அவன் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முதலில் அளவு. என் காருக்கு 155/65 ஆர் 14. டயரின் அகலம் 155 மில்லிமீற்றர். பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு 65. ஆர் என்பது ரேடியல். 14 அங்குல ரிம். அதற்குப் பின்னால் 75 எஸ் என்று வரும். 75 என்றால் ஒரு டயர் 387 கிலோ வரை தாங்கும், எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீற்றர் வரை தாங்கும். இந்த எடைக் குறியீடு காருக்குச் சொல்லப்பட்டதைவிடக் குறைந்த டயரை, விலை மலிவு என்று யார் தந்தாலும் வாங்கக் கூடாது.

விற்பனையாளர் ஒரு டயரை உருட்டிவந்து, "இது ஓல் சீசன். வெயில், மழை எல்லாத்துக்கும் போகும்" என்றார். விலையும் கூட. பக்கத்தில் 'எம் பிளஸ் எஸ்' என்று பொறித்திருந்தது. அது 'மட் அண்ட் ஸ்னோ', சேறும் பனியும். கோடையும் இலேசான பனிக்காலமும் மாறிமாறி வரும் நாடுகளில் வருடம் முழுக்க ஒரே டயரோடு சமாளிக்கச் செய்தது அது. நல்ல பொருள்தான், பனி டயர்போல் ஆபத்தானதும் அல்ல. ஆனால் நமக்குள்ள சீசன் வெயிலும் மழையும்தானே! எங்கள் மலையில் ஒருபோதும் விழாத பனிக்கு நான் ஏன் காசு கொடுக்க வேண்டும்? ஈரத்தில் எது நன்றாக நிற்கும் என்று கேட்டேன். "எல்லாமே நல்லா நிக்கும்" என்றார், தம்பியைப் பார்த்து.

நானே குனிந்து வாசித்தேன். அமெரிக்க முறைப்படி தரம் பொறித்த டயர்களில் மூன்று விடயங்கள் இருக்கும். ட்ரெட்வெயார் என்ற இலக்கம் தேய்வைக் குறிக்கும். எண் கூடினால் அதிக காலம் உழைக்கும் என்பது உற்பத்தியாளரின் கணிப்பு. ட்ரக்ஷன் என்பதுதான் ஈரப் பாதையில் நேராக ஓடிப் பிரேக் பிடித்துச் சோதித்த தரம். ஏஏ, ஏ, பி, சி என்று இறங்கும். டெம்பரேச்சர் என்பது சூட்டைத் தாங்கும் தரம். என் முன்னால் இருந்தவற்றில் ஒன்றுக்குத் தேய்வு 420, ஈரத்துக்கு பி. மற்றதற்கு 340, ஆனால் ஏ. முதலாவது நீண்ட காலம் உழைக்கும். இரண்டாவது அந்த வளைவில் நிற்கும். இரண்டாவதை எடுத்தேன்.

"இப்ப முன்னுக்கு ரெண்டு மட்டும் போடுங்களேன், செலவு குறையும்" என்றார் விற்பனையாளர். இந்த இடத்தில் நான் தடுமாறினேன் என்பதை மறைக்கப் போவதில்லை. கையில் இருந்தது சீட்டு விழுந்த காசு. குசினிக் கூரை ஒழுகுகிறது என்று அதற்காக வைத்திருந்தோம். நான்கு டயரும் அலைன்மென்டும் சேர்ந்தால் என் ஒரு மாதச் சம்பளத்தையே மிஞ்சும்.

இரண்டுதான் முடியும் என்றால் புதியவற்றைப் பின்னால்தான் பூட்ட வேண்டும் என்று பாஸ் சொல்லியிருந்தார். முன்சில்லால் ஓடும் காருக்கும் அப்படித்தான். ஈர வளைவில் முன்சில்லு வழுக்கினால் அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துச் சமாளிக்க ஓரளவு வழியுண்டு. பின்சில்லு வழுக்கினால் கார் சுழன்றுவிடும். என் நிலையிலோ முன்னுக்குச் சாதாரண டயரும் பின்னுக்குப் பனி டயருமாகக் கார் ஓடும். பின்னால் உட்கார்வது மகள்.

நான்கும் வாங்கினேன். கூரை இன்னொரு மழைக்கு ஒழுகியது. பானை வைத்தோம்.

பூட்டுமுன் ஒவ்வொன்றிலும் நான்கு இலக்கத்தையும் பார்த்தேன். ஒரு டயர் மற்ற மூன்றையும்விட இரண்டு வருடம் பழையது. மாற்றித் தரும்படி கேட்டேன். இம்முறை விற்பனையாளர் என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

காற்று பற்றி ஒரு சொல். டயரிலேயே எழுதியிருக்கும் அளவு அது தாங்கக்கூடிய உச்ச அளவு. நாம் அடிக்க வேண்டியது சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள அளவு. காலையில், ஓடுமுன் சூடில்லாதபோது பார்க்க வேண்டும். நான் மாதத்தில் முதல் சனிக்கிழமை பார்க்கிறேன். அதோடு பள்ளங்களுக்குள் குறுக்கே உள்ள சிறு மேடுகளையும் பார்க்கிறேன். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீற்றர். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் மழைத் தண்ணீர் ஓட இடமில்லை. நான் அதுவரை காத்திருக்க மாட்டேன்.

2025 பெப்ரவரியிலிருந்து தனியார் வாகனங்கள் மறுபடி இறக்குமதியாகின்றன. ஜப்பானில் ஓடிய கார்களும் வருகின்றன. அப்படியொன்றை வாங்க எண்ணும் சகோதரிகள் பெயின்டைப் பார்க்கும் அதே நேரத்தில் ஒரு நிமிடம் டயரருகே குந்தி வாசியுங்கள்.

பழைய டயர்களைக் கழற்றி வைத்தபோது கடைக்கு வந்திருந்த ஒருவர் நான்குக்கும் விலை கேட்டார். "இன்னும் பாதி கூடத் தேயல்லையே, என்ட காருக்கும் இதே சைஸ்தான்" என்றார். குசினிக் கூரை நினைவுக்கு வந்தது உண்மை. அவரைக் கூப்பிட்டு எழுத்தைக் காட்டினேன். வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வெளியே போனார். கண்ணாடியூடே பார்த்தேன், தன் காரின் முன்சில்லருகே குந்திக்கொண்டிருந்தார்.

அந்த நான்கும் இப்போது எங்கள் முற்றத்தில் செவ்வந்திக்குப் பாத்தியாக இருக்கின்றன. தண்ணீர் தேங்கி டெங்கு நுளம்பு பெருகாமலிருக்க ஒவ்வொன்றிலும் ஆறு துளை போட்டு, மண்ணை நிரப்பிவிட்டோம்.