குறிப்பிடத்தக்கமை: இணையக் கலைக்களஞ்சியமும் பேராக் தோட்டப்புற வலைப்பதிவுகளும்

ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணியில் (1910) யாருக்கு இடம் உண்டு என்பதைத் தீர்மானித்தவர் அவரே. பெரியசாமித் தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த கலைக்களஞ்சியத்தில் அப்பொறுப்பைப் பதிப்புக் குழு ஏற்றது. 2001-இல் தோன்றிய விக்கிப்பீடியாவிலும், 2003-இல் தொடங்கிய அதன் தமிழ்ப் பதிப்பிலும் அத்தகைய பதிப்பாசிரியர் இல்லை. எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம். பதிப்பாசிரியர் இல்லாத குறையை நிரப்ப ஒரு விதி தேவைப்பட்டது. அதுவே 'குறிப்பிடத்தக்கமை' எனப்படுகிறது.

ஒருவரைப் பற்றியோ ஓர் ஊரைப் பற்றியோ, அவரோடும் அவ்வூரோடும் தொடர்பற்ற நம்பகமான வெளியீடுகள் விரிவாக எழுதியுள்ளனவா என்பதே இவ்விதி எழுப்பும் வினாவாகும். இதனை ஒருவரின் தகுதிக்கான அளவுகோலாகக் கொள்வதிலிருந்தே மனவருத்தங்கள் பிறக்கின்றன. பல ஆண்டுகள் வலைப்பதிவு எழுதி நிறைய வாசகரைப் பெற்ற ஒருவர், தம்மைப் பற்றிய கட்டுரை நீக்கப்படும்போது தம் உழைப்பே மறுக்கப்பட்டதாக எண்ணுகிறார். அங்கு மறுக்கப்படுவது உழைப்பன்று. அவரைப் பற்றிப் பிறர் எழுதியது கிடைக்கவில்லை என்பதே கூறப்படுகிறது. தற்புகழ்ச்சிக்குத் தடையாக இவ்விதி வேண்டியதே என்பது என் கருத்து. வலைப்பதிவைச் சான்றாக ஏற்பதிலும் இதே தயக்கம் உண்டு. எழுதியவரே வெளியிடுபவராகவும் இருப்பதால், இடையில் சரிபார்ப்பவர் இல்லை. தம் துறையில் பிறரால் வெளியிடப்பட்ட நூல்களைக் கொண்ட வல்லுநரின் பதிவுகளுக்கு மட்டும் ஓரளவு விலக்கு உண்டு.

ஆனால் இவ்விதி எல்லா மண்ணிலும் ஒரே விளைவைத் தருவதில்லை. பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். 1948 ஜூன் 16 அன்று எல்பில் தோட்டத்தில் ஆர்தர் வாக்கர் என்னும் தோட்டத் துரை சுட்டுக்கொல்லப்பட்டார். அன்றே அருகிலிருந்த இன்னொரு தோட்டத்தில் மேலும் இரு ஐரோப்பியர் கொல்லப்பட்டனர். அவசரகாலப் பிரகடனத்துக்கு உடனடிக் காரணமாக அமைந்த நிகழ்ச்சி என்பதால், எல்பில் என்னும் பெயர் ஆங்கில நாளேடுகளிலும் வரலாற்று நூல்களிலும் நிலைபெற்றுவிட்டது. அதே தோட்டத்தில் பால்மரம் சீவியவர்கள், அவர்கள் எழுப்பிய கோயில், பிள்ளைகள் படித்த தமிழ்ப்பள்ளி ஆகியவற்றுக்கு அத்தகைய எழுத்துச் சான்று எவ்வளவு? குறிப்பிடத்தக்கமை விதி இங்கு அளப்பது சிறப்பை அன்று. எவருடைய வாழ்வைப் பற்றி அச்சு இயந்திரம் ஓடியது என்பதையே அளக்கிறது.

தோட்டத் துண்டாடலைத் தடுக்க 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கினார். எனினும் பின்வந்த பத்தாண்டுகளில் பல ரப்பர் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டங்களாகவும் மாறின. மக்கள் ஈப்போவுக்கும் பிற நகரங்களுக்கும் பெயர்ந்தனர். இம்மக்களின் பிள்ளைகள் லயங்களின் அமைப்பு, கங்காணிகளின் பெயர்கள், திருவிழா நிழற்படங்கள் என நினைவில் நின்றவற்றையெல்லாம் வலைப்பதிவுகளில் எழுதலாயினர். பிறர் எழுதாததை எழுதியதே அப்பதிவுகளின் பெருமை. ஆனால் பிறர் எழுதாததாலேயே அவை கலைக்களஞ்சியத்துக்குச் சான்றாகாமல் போகின்றன.

இங்கு நம்மவர் பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. சான்று இணையத்தில் இருக்க வேண்டும் என்றோ ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்றோ விதி கூறவில்லை. 1924 முதல் 2019 வரை வெளிவந்த தமிழ் நேசன் நாளிதழின் செய்தியொன்றை நாள், பக்க எண்ணுடன் காட்டினால் போதும். நடைமுறையில் தேடுபொறியில் அகப்படாததை இல்லாததாகக் கருதும் போக்கு இருப்பது உண்மையே. இலங்கைத் தமிழர் 2005-இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம், அவர்களுடைய சிற்றிதழ்களையும் மலர்களையும் எவரும் சரிபார்க்கத்தக்க சான்றுகளாக்கிவிட்டது. நம்மிடம் அதற்கு ஈடான முயற்சி இல்லை.

2022-இல் எழுத்தாளர் ஜெயமோகனும் நண்பர்களும் தொடங்கிய 'தமிழ் விக்கி' வேறு வழியில் செல்கிறது. அங்கு ஆசிரியர் குழு கட்டுரைகளைப் பார்த்து இறுதி செய்கிறது. ஒருவகையில் தூரன் காலத்து முறைக்குத் திரும்புதல் எனலாம். மலேசிய எழுத்தாளர் பலருக்கு அங்கு இடம் கிடைத்திருப்பது நன்று. ஆயினும் குழுவினர் அறியாத தோட்டம் அங்கும் விடுபடக்கூடும்.

வேறோர் இடரும் உண்டு. கலைக்களஞ்சியத்திலிருந்து ஒருவர் தம் பதிவில் படியெடுக்கிறார். பின்னர் அப்பதிவே அதே கட்டுரைக்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. மாணவரின் இடுபணிகளிலும் இவ்வட்டத்தைக் காணலாம்.

தமிழாசிரியர்கள் செய்யத்தக்கது கைக்கெட்டும் தொலைவிலேயே உள்ளது. தோட்டப்பள்ளியின் ஆண்டு மலரோ கோயில் குடமுழுக்கு மலரோ வெளிவரும்போது தொகுத்தவர் பெயர், ஆண்டு, பக்க எண் ஆகியவை தவறாமல் இடம்பெற வேண்டும். வலைப்பதிவர் எழுதியவற்றை அவரே நூலாக்கினால் அதுவும் தன்வெளியீடே. வேறொருவர் அவற்றை முதியோரின் வாய்மொழியோடும் பள்ளிப் பதிவேடுகளோடும் ஒப்பிட்டுப் பதிப்பித்தால் அதன் மதிப்பு வேறு. 1986-ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டத்தின்படி, அச்சு வெளியீட்டின் ஐந்து படிகள் தேசிய நூலகத்துக்கு அனுப்பப்பட வேண்டும். அங்கு சேரும் மலர், அத்தோட்டத்தை அறியாத ஒருவரும் கேட்டு எடுத்துச் சரிபார்க்கக்கூடிய சான்றாகிறது.