பி.எட் கையில் இருக்கு... வெளிநாட்டுப் பள்ளி ஏத்துக்குமா? ஆரணி டீச்சர்கள் தெரிஞ்சுக்க வேண்டிய சான்றிதழ் கணக்கு!

ஆரணிக்குப் பட்டுப்புடவை எடுக்க வருபவர்கள் முந்தானையை விரித்துப் பார்த்த கையோடு தேடுவது ஒரு சின்ன லேபிளைத்தான். 'சில்க் மார்க்'. மத்திய பட்டு வாரியம் 2004-ல் கொண்டுவந்த முத்திரை அது. லேபிள் இருந்தால் அசல் பட்டு என்று நம்பிப் பணத்தை எடுத்து வைப்பார்கள். போதாததற்கு ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. நெய்தவரை நேரில் தெரியாதவருக்குக்கூட, பொருளை நம்புவதற்கு இத்தனை ஏற்பாடு.

அதே ஊரில், தறிச் சத்தத்துக்கு நடுவே படித்து ஆசிரியரானவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்கள் துபாய்க்கோ லண்டனுக்கோ விண்ணப்பம் போடும்போது முதலில் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். படிப்பு அசல், பட்டம் அசல். ஆனால், 'இவர் தகுதியான ஆசிரியர்' என்று லேபிள் ஒட்டித் தருவதற்கு இந்தியாவில் ஒரு அமைப்பு இல்லை.

பட்டம் வேறு, உரிமம் வேறு

டாக்டருக்கு மெடிக்கல் கவுன்சில் பதிவு எண் இருக்கிறது. வக்கீலுக்கு பார் கவுன்சில். ஆசிரியருக்கு அப்படி ஒரு பதிவேடு நம் நாட்டில் கிடையாது. என்.சி.டி.இ எனப்படும் தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சில் பயிற்சிக் கல்லூரிகளை ஒழுங்குபடுத்துகிறதே தவிர, ஒவ்வொரு ஆசிரியருக்கும் எண் கொடுப்பதில்லை. 'டெட்' தேர்வு என்பது 1 முதல் 8-ம் வகுப்பு வரை பாடம் எடுக்க நியமனம் பெறுவதற்கான தகுதி. அதையும் உரிமம் என்று சொல்ல முடியாது.

வெளிநாடுகளில் கேட்பதோ உரிமம். இங்கிலாந்தில் 'க்யூ.டி.எஸ்', ஆஸ்திரேலியாவில் மாநிலப் பதிவு, அமெரிக்காவில் மாநில லைசென்ஸ், அமீரகத்தில் கல்வி அமைச்சகத்தின் ஆசிரியர் உரிமம்.

ஒரு காலத்தில் இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை. 1950, 60-களில் எத்தியோப்பியா மன்னர் ஹெய்லி செலாஸி ஆட்சியில் அந்நாட்டுப் பள்ளிகளுக்கு இந்திய ஆசிரியர்கள் பெருமளவில் அழைக்கப்பட்டார்கள். ஆள் வேண்டும் என்ற அவசரம் அந்த நாட்டுக்கு இருந்தது. இப்போது அவசரம் நம் பக்கம். கேள்விகள் அவர்கள் பக்கம்.

ஆரணியில் ஒரு கணித ஆசிரியை என்று வையுங்கள். அப்பா பட்டு நெய்கிறார். பொண்ணு உள்ளூர்க் கல்லூரியில் பி.எஸ்சி, பிறகு 2 வருட பி.எட், தனியார் பள்ளியில் 5 வருட அனுபவம். "இங்கேயே எல்லாம் படிச்சாச்சே, அங்கே போய் மறுபடியும் பரீட்சையாம்மா?" என்று அப்பா கேட்பார். நியாயமான கேள்விதான். பதில், எந்த நாடு என்பதைப் பொறுத்தது.

முதல் தடங்கல், இனிஷியல்!

நாட்டைப் பற்றிப் பேசும் முன்பே பல விண்ணப்பங்கள் பெயரில் தடுக்கி விழுகின்றன. மார்க் ஷீட்டில் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து இனிஷியல். பாஸ்போர்ட்டில் அதே எழுத்து அப்பாவின் முழுப் பெயராக விரிந்திருக்கும். கல்யாணமானவர்களுக்கு அந்த இடத்தில் கணவர் பெயர் வந்திருக்கும். நமக்கு இதெல்லாம் ஒரே ஆள். வெளிநாட்டு அதிகாரிக்கு மூன்று ஆட்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓர் எழுத்து கூடினாலோ குறைந்தாலோ மறுபடி கடிதப் போக்குவரத்து. பாஸ்போர்ட் எடுக்கும்போதே சான்றிதழில் உள்ள எழுத்துக்கூட்டலைப் பார்த்துப் போடுவது பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

அடுத்தது பட்டச் சான்றிதழ். புரொவிஷனலை வைத்தே உள்ளூரில் வேலை கிடைத்துவிடுவதால், பட்டமளிப்புச் சான்றிதழை வாங்காமலே விட்டவர்கள் உண்டு. வெளிநாட்டுக்கு அது கட்டாயம். ஆரணிப் பகுதிக் கல்லூரிகளில் சமீப ஆண்டுகளில் பட்டம் படித்தவர்கள் என்றால் வேலூரை அடுத்த சேர்க்காட்டில் இருக்கும் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். பி.எட்-டுக்கு சென்னை காரப்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம். ஆக, ஒருவருக்கு இரண்டு பல்கலைக்கழகம், இரண்டு வரிசை. பள்ளிக்கு லீவு போட்டுத்தான் இதையெல்லாம் செய்ய வேண்டும்.

சான்றிதழ் வந்த பிறகு அட்டஸ்டேஷன். முதலில் மாநில அரசு, அடுத்து வெளியுறவு அமைச்சகம். ஹேக் ஒப்பந்தத்தில் இருக்கும் நாடு என்றால் அமைச்சகம் ஒட்டும் 'அப்போஸ்டில்' ஸ்டிக்கரோடு வேலை முடிந்தது. இந்தியா இதில் 2005-ல் சேர்ந்தது. ஓமன் உறுப்பு நாடு. அமீரகம் இல்லை, அதனால் அமீரகத் தூதரக முத்திரையும், அங்கே போனபின் அந்நாட்டு வெளியுறவு அமைச்சக முத்திரையும் கூடுதலாகத் தேவை.

ஒரு தாளுக்கு அப்போஸ்டில் போட அரசு வாங்கும் கட்டணம் 50 ரூபாய்தான். அமைச்சகம் நேரடியாகத் தாள்களை வாங்குவதில்லை என்பதால், அது அங்கீகரித்த சேகரிப்பு மையத்துக்குச் சேவைக் கட்டணம் தனி. 'எல்லாம் நாங்களே முடிச்சுத் தர்றோம்' என்று ஆயிரக்கணக்கில் கேட்பவர்களிடம் பேசும்போது இந்த 50 ரூபாயை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

வளைகுடா: வேலை முதலில், உரிமம் அடுத்து

ஆரணி மாதிரி ஊர்களில் இருந்து கிளம்புபவர்கள் முதலில் யோசிப்பது வளைகுடா நாடுகளைத்தான். அங்கே சி.பி.எஸ்.இ பாடத்திட்டப் பள்ளிகள் நிறைய. பி.எட்-டுக்கு மதிப்பு தெரிந்த இடம்.

துபாயில் தனியார் பள்ளிகளை மேற்பார்வை செய்வது 'கே.ஹெச்.டி.ஏ' என்ற அமைப்பு. அபுதாபியில் 'அடெக்'. இவற்றின் ஒப்புதல் வேலைகளைப் பெரும்பாலும் நியமிக்கும் பள்ளியே முன்னின்று நடத்தும். அமீரக ஆசிரியர் உரிமத்துக்குக் கற்பித்தல் முறை ஒன்று, பாட அறிவு ஒன்று என இரண்டு தேர்வுகள். பாடத் தேர்வில் நம் ஆட்கள் பயப்பட வேண்டியதில்லை. வகுப்பறை மேலாண்மை, சிறப்புத் தேவை உள்ள குழந்தைகள், மதிப்பீட்டு முறைகள் என்று வரும் முதல் தேர்வுக்குத்தான் பி.எட் புத்தகத்தைத் தூசு தட்ட வேண்டியிருக்கும்.

தொலைநிலைக் கல்வியில் பட்டம் வாங்கியவர்கள் மட்டும் கவனம். சான்றிதழ் சரிபார்ப்பில் கேள்வி வருவதுண்டு. வேலை உறுதியாகும் முன்பே பள்ளியிடம் இதைச் சொல்லிவிடுவது நல்லது.

இங்கிலாந்து: இலவசம்தான், ஆனால்...

2023 பிப்ரவரி 1-ம் தேதி ஒரு கதவு திறந்தது. இந்தியா உள்ளிட்ட மேலும் சில நாடுகளில் தகுதி பெற்ற ஆசிரியர்கள், இங்கிலாந்துக்குப் போகாமலே, மறுபடி பயிற்சி எடுக்காமலே, க்யூ.டி.எஸ் கேட்டு ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம் என்று அந்நாட்டுக் கல்வித் துறை அறிவித்தது. கட்டணம் கிடையாது. ஆமாம், ஒரு பைசா கூட!

ஆனால், இந்திய ஆசிரியர்களுக்கு ஒரு வரம்பு உண்டு. 11 முதல் 16 வயது மாணவர்களுக்குக் கணிதம், அறிவியல், மொழிகள் கற்பிக்கத் தகுதி பெற்றவர்களுக்கே இந்த வழி. இங்கே மொழி என்றால் பிரெஞ்சு, ஸ்பானிஷ் போன்றவை. வரலாறோ வணிகவியலோ நடத்தும் ஆசிரியருக்கு இந்தக் கதவு மூடியே இருக்கிறது. நம் கணக்கு டீச்சருக்குத் திறக்கும்.

பட்டம், ஆசிரியர் பயிற்சி, வேலை அனுபவம், நன்னடத்தைக்கான கடிதம், ஆங்கிலத் திறன் ஆகியவற்றைக் காட்ட வேண்டும். கல்லூரிப் படிப்பு ஆங்கில வழியில் நடந்தது என்று பல்கலைக்கழகத்திடம் கடிதம் வாங்கினால், ஆங்கிலத் தேர்வு எழுதாமல் தப்பிக்க வாய்ப்புண்டு. தமிழ் வழியில் படித்தவர்கள் தேர்வு எழுதித்தான் ஆக வேண்டும்.

இதில் பலரும் தவறவிடும் விஷயம், க்யூ.டி.எஸ் வந்தால் விசா வந்துவிடாது. ஒரு பள்ளி வேலை கொடுத்து, ஸ்பான்சர் செய்ய வேண்டும். 'க்யூ.டி.எஸ் வாங்கித் தர்றோம், விசா கேரன்ட்டி' என்று யாராவது லட்சங்களில் பேசினால், இலவச விண்ணப்பத்தை விலைக்கு விற்கிறார்கள் என்று அர்த்தம்.

ஆஸ்திரேலியாவும் அமெரிக்காவும்

ஆஸ்திரேலியாவில் குடியேற நினைக்கும் ஆசிரியர்களின் தகுதியை மதிப்பிடுவது 'ஐட்செல்' என்ற நிறுவனம். பயிற்சி உட்பட 4 வருட உயர்கல்வி வேண்டும். 3 வருட பி.எஸ்சி-யும் பி.எட்-டும் சேர்ந்தால் கணக்கு சரியாகிவிடும். கஷ்டம் வேறு இடத்தில். ஐ.இ.எல்.டி.எஸ் தேர்வில் வாசிப்பிலும் எழுத்திலும் 7, கேட்பதிலும் பேசுவதிலும் 8 எடுக்க வேண்டும். 8 என்பது சாதாரணம் இல்லை. ஆங்கிலத்தில் சரளமாகப் பாடம் நடத்துபவர்களே இரண்டு மூன்று முறை எழுத நேரும்.

பி.எட் காலத்தில் குறைந்தது 45 நாள் மேற்பார்வையில் பாடம் நடத்தியதற்கு ஆதாரமும் வேண்டும். நம் 2 வருட பி.எட்-டில் பள்ளி இன்டர்ன்ஷிப் மட்டுமே 16 வாரம் இருக்கிறது. நாள் கணக்கு, வகுப்பு, மாணவர் வயது எல்லாம் எழுதி, கல்லூரி முதல்வர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். பழைய ஒரு வருட பி.எட் படித்தவர்கள், கல்லூரி இன்னும் இயங்குகிறதா என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

அமெரிக்காவுக்கு ஜே-1 விசாவில் 3 வருடம் போய்க் கற்பிக்கலாம். அதற்கு 2 வருட அனுபவம் கேட்பார்கள். லைசென்ஸ் விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

அழகான பெயர், பலவீனமான தாள்

செல்போனைத் திறந்தால் சர்வதேச ஆசிரியர் சான்றிதழ் விளம்பரங்கள் கொட்டுகின்றன. எல்லாமே ஏமாற்று இல்லை. ஆனால், எது எதற்கு உதவும் என்று தெரிந்து பணம் கட்ட வேண்டும்.

'பி.ஜி.சி.இ.ஐ' என்பதை இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களே நடத்துகின்றன. சர்வதேசப் பள்ளிகளில் மதிப்பு உண்டு. ஆனால் அதைப் படித்தால் க்யூ.டி.எஸ் கிடைக்காது. பெயரில் இருக்கும் அந்த ஒற்றை 'ஐ'-யைக் கவனிக்காமல் சேர்ந்துவிட்டு வருந்துபவர்கள் உண்டு.

கேம்பிரிட்ஜின் 'செல்டா', பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்பிப்பதற்கான தரமான பயிற்சி. நிஜ மாணவர்களுக்கு முன்னால் 6 மணி நேரம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அது ஆங்கிலப் பயிற்சி மையங்களில் கைகொடுக்கும். கணக்கு டீச்சருக்குப் பள்ளி உரிமமாக ஆகாது.

மான்டிசோரி சான்றிதழ் கதை சுவாரஸ்யமானது. மரியா மான்டிசோரி 1939-ல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் தொடங்கிய ஏ.எம்.ஐ அமைப்பின் டிப்ளமோவுக்கு இன்றும் உலகம் முழுக்க மரியாதை. ஆனால் 'மான்டிசோரி' என்ற சொல்லை யார் வேண்டுமானாலும் போர்டில் எழுதிக்கொள்ளலாம். மூன்று மாத ஆன்லைன் கோர்ஸ் முதல் முழு நேரப் பயிற்சி வரை எல்லாம் ஒரே பெயரில் விற்கப்படுவது அதனால்தான். சில்க் மார்க் இல்லாத கடையிலும் 'பட்டு' என்றுதானே எழுதியிருக்கும்!

ஏஜென்ட்டுக்கு எவ்வளவு?

வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் பதிவுபெற்ற ஏஜென்ட், வேலை தேடுபவரிடம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி-யும்தான் சேவைக் கட்டணமாக வாங்க முடியும். இது மத்திய அரசின் விதி. பதிவுபெற்றவர்தானா என்பதை 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் பார்த்துவிடலாம். தமிழ்நாடு அரசே நடத்தும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் சென்னையில் இருக்கிறது. நகையை அடகு வைக்கும் முன் அங்கே ஒரு போன் போட்டுப் பார்க்கலாம்.

பலர் கடைசி நேரத்தில் தவிப்பது சொந்தப் பள்ளியிடம்தான். வேலையில் சேரும்போது அசல் சான்றிதழ்களை வாங்கி பீரோவில் பூட்டிக்கொள்ளும் தனியார் பள்ளிகள் உண்டு. வருடத்தின் நடுவில் கேட்டால் தருவதில்லை. அனுபவக் கடிதத்திலும் 'நன்றாகப் பணிபுரிந்தார்' என்ற ஒற்றை வரி போதாது. எந்த வகுப்பு, என்ன பாடம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, முழு நேரமா என்பதெல்லாம் வேண்டும். வளைகுடாவின் இந்தியப் பள்ளிகள் பல ஏப்ரலிலேயே தொடங்கிவிடும். இங்கிலாந்தில் செப்டம்பர், ஆஸ்திரேலியாவில் ஜனவரி கடைசி. ஏப்ரலில் அங்கே வகுப்பறையில் நிற்க வேண்டும் என்றால், பீரோ சாவியைப் பற்றி அதற்கு முந்தைய கோடை விடுமுறையிலேயே பேச ஆரம்பிக்க வேண்டும்.